தாயக்கட்டையும் கரும்பலகையும்

(ஆசிரியர்கள் கூடிய ஓர் அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் நான் வைத்த துணிப்பையை முன்வரிசையில் இருப்பவர்கள் எட்டி எட்டிப் பார்க்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. உள்ளே இருப்பவை இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள். இந்த ஜோடி நான் கடையில் காசு கொடுத்து வாங்கியது. இதற்கு முன்னால் என்னிடம் இருந்த ஜோடி பிள்ளைகளிடமிருந்து பிடுங்கியது. கதையை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பத்தாம் வகுப்பு. மதியச் சாப்பாடு முடிந்து மணியடித்த பிறகும் கடைசி வரிசையில் நாலு பிள்ளைகள் தரையில் குனிந்தபடி இருந்தார்கள். சாக்பீஸில் போட்ட கட்டம். புளியங்கொட்டையும் உடைந்த வளையல் துண்டும் காய்கள். "படிக்க வந்தீங்களா, சூதாட வந்தீங்களா?" என்று சத்தம் போட்டேன். கட்டைகளைப் பிடுங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். அன்று நான் நடத்த வேண்டிய பாடம் நிகழ்தகவு.

சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை, உறைக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

நிகழ்தகவுப் பாடத்தில் என்ன வரும் என்று கணக்கு ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாணயத்தைச் சுண்டு, பகடையை உருட்டு, நன்றாகக் கலைத்த 52 சீட்டுகளிலிருந்து ஒன்றை எடு. சீட்டுக்கட்டுக்கு வந்ததும் ஒரு பெண் எழுந்தாள். "சார், எங்க வீட்ல சீட்டைத் தொட்டாலே அடி விழும். அதுல ராணி எத்தனை, கறுப்பு எத்தனைன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?" மனப்பாடம் பண்ணிக்கொள் என்றேன். சிவப்பு 26, கறுப்பு 26, ராஜா நாலு, ராணி நாலு. அவளும் எழுதிக்கொண்டாள். தான் ஆடாத ஆட்டத்தின் விதியை உருப்போட்டுக் கணக்கைச் செய்தாள். அவள் ஆடுகிற ஆட்டம் என் இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. மதியம் குனிந்திருந்த நாலு பேரில் அவளும் ஒருத்தி.

அன்று மாலை ஆசிரியர் அறையில் யாருமில்லை. இழுப்பறையைத் திறந்து கட்டைகளை உருட்டிப் பார்த்தேன். சின்ன வயதில் ஆடியதுதான். ஆனால் அன்று முதல் தடவையாக ஒரு கணக்கு வாத்தியாராக உருட்டினேன்.

ஒரு கட்டைக்கு நாலு முகம். ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள். நாலாவது முகம் வெறுமை. இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் நாலு நாலு பதினாறு வகையில் விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று விழ இரண்டே வழி: இந்தக் கட்டையில் ஒன்று, அதில் வெறுமை, அல்லது மாற்றி. இரண்டு விழ மூன்று வழி. மூன்று விழ நாலு வழி. நாலுக்கு மூன்று. ஐந்துக்கு இரண்டு. ஆறுக்கு ஒரே வழி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அதற்கும் ஒரே வழி. கூட்டிப் பாருங்கள், பதினாறு வரும்.

இப்போது ஆட்டத்தின் விதியை நினைத்துக்கொள்ளுங்கள். எது விழுந்தால் மறுபடி உருட்டலாம்? தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. எது விழுந்தால் கை மாறிவிடும்? இரண்டு, மூன்று, நாலு. பதினாறில் பத்து வழியில் விழுகிற எண்களுக்குப் பரிசு கிடையாது. அரிதாக விழுகிற எண்களுக்கெல்லாம் மறு ஆட்டம் உண்டு. இந்த விதியை வகுத்தது யார்? நிகழ்தகவு என்ற சொல்லையே கேள்விப்படாத, திண்ணையில் உட்கார்ந்த யாரோ. எத்தனை தலைமுறை உருட்டி உருட்டி அந்த எண்கள் அபூர்வமானவை என்று கண்டுபிடித்தார்களோ! எனக்குப் புல்லரித்துவிட்டது. கல்லூரியில் புள்ளியியல் படித்தபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

மறுநாள் கட்டைகளோடு வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் நாலுக்கு நாலு கட்டம் போட்டு நிரப்பச் சொன்னேன். நிரப்பியதும் அந்தப் பெண்தான் முதலில் கத்தினாள்: "சார், அதான் எனக்குக் காயே இறங்க மாட்டேங்குது!" தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும், அதற்கு வாய்ப்பு பதினாறில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. உடனே ஒரு பையன், "அப்போ எட்டு வாட்டி உருட்டுனா ஒரு தாயம் கட்டாயம் விழணும்" என்றான். விழாது. எட்டு முறை உருட்டியும் ஒன்றுகூட விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே வாய்ப்பு இருக்கிறது. ஏழு பை எட்டை எட்டு முறை பெருக்கிப் பார்த்துத் தாங்களே கண்டார்கள். "எனக்கு ராசியில்ல" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை விலைக்கு வாங்க முடியாது.

பிறகு நாற்பது பேரும் ஆளுக்குப் பத்து முறை உருட்டினார்கள். நானூறு உருட்டு. கணக்குப்படி தாயம் ஐம்பது வர வேண்டும். வரவில்லை, நிறையக் குறைந்தது. தலையைச் சொறிந்தேன். கட்டையைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்த ஒருவன் சொன்னான்: "ஒரு ஓரம் தேஞ்சிருக்கு சார்." சமவாய்ப்பு என்ற சொல்லைப் பாடப்புத்தகம் முதல் வரியிலேயே சொல்லிவிட்டுப் போய்விடும். அந்தச் சொல் எதற்கு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் வகுப்புக்குப் புரிந்தது. எனக்கும் சேர்த்துத்தான்.

இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, வகுப்பறையில் வெகுமக்கள் பண்பாடும் படைப்பு விளையாட்டும். இதில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. விளையாட்டைப் பாடத்தின் மேல் பூசுவது வேறு, விளையாட்டுக்குள் கிடக்கும் பாடத்தைத் தோண்டி எடுப்பது வேறு. முதலாவது வேப்பிலை உருண்டைக்குத் தேன் தடவுகிற வேலை. பிள்ளைகள் தேனை நக்கிவிட்டு உருண்டையைத் துப்பிவிடுவார்கள். அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

சினிமா மெட்டில் வாய்ப்பாடு பாடுவது இப்போது பெரிய நாகரிகமாக இருக்கிறது. வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். ஆசிரியர் ஆடுகிறார், பிள்ளைகள் ஆடுகிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை. மனப்பாடத்துக்கு மெட்டு உதவும். எண்சுவடியைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டுத்தான் ஒப்பித்தார்கள். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு என்பதையெல்லாம் நாவிலேயே ஏற்றிவிட்டார்கள். ஆனால் சினிமா மெட்டுக்கும் ஏழு எட்டு ஐம்பத்தாறுக்கும் உள்ளே எந்த உறவும் கிடையாது. மெட்டை மாற்றினாலும் வாய்ப்பாடு அதேதான். அங்கே சினிமா வெறும் உறை.

அதே சினிமா உள்ளேயே இருக்கும் இடங்களும் உண்டு. 'மூன்று முடிச்சு' படத்தில், 1976இல் வந்தது, படகில் பாடுகிற ஒரு பாட்டை உங்களில் பலர் மனத்துக்குள் இப்போதே முணுமுணுக்கத் தொடங்கியிருப்பீர்கள். கண்ணதாசன் அதை அந்தாதியாக எழுதினார். ஓர் அடி எங்கே முடிகிறதோ அடுத்த அடி அங்கே பிறக்கும். காரைக்கால் அம்மையார் சிவனைப் பாடவும், திருக்கடையூரில் அபிராமி பட்டர் அம்மனைப் பாடவும் எடுத்த அதே வடிவம். எங்கள் பள்ளித் தமிழாசிரியை அந்தாதித் தொடையைப் புத்தகத்து இலக்கணத்திலிருந்து தொடங்கவில்லை. சுற்றுலாப் பேருந்தில் பிள்ளைகள் பாட்டுக்குப் பாட்டு ஆடுவார்கள் இல்லையா, பி.எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் நடத்திய, பிறகு தொலைக்காட்சி வழியாகவும் வீடு வீடாக நுழைந்த ஆட்டம், அதை வகுப்பில் ஆடவிட்டார். கடைசி எழுத்தில் அடுத்த பாட்டு. அரைமணி நேரம் ஆடிய பிறகு விதியைச் சற்று இறுக்கினார்: எழுத்து போதாது, கடைசிச் சொல்லில் அடுத்தது தொடங்க வேண்டும். பாட்டு கிடைக்கவில்லை. திணறினார்கள். "கிடைக்கலன்னா நீங்களே கட்டுங்க" என்றார். கட்டினார்கள். மழையில் தொடங்கிக் குடையில் முடிந்து, குடையில் தொடங்கி ஓட்டையில் முடிந்து, ஓட்டையில் தொடங்கி எங்கள் பள்ளிக் கூரையில் போய் நின்றது ஒரு பாட்டு. தலைமையாசிரியர் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். ஆனால் அந்தக் கோடை விடுமுறையில் கூரைக்கு ஓடு மாற்றினார்கள்.

இத்தாலியில் ஜான்னி ரொடாரி என்று ஒரு குழந்தை எழுத்தாளர் இருந்தார். பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். 1970இல் ஆண்டர்சன் விருது பெற்றவர். 1972இல் ரெஜ்ஜோ எமிலியா என்ற ஊரில் ஆசிரியர்களோடு சில நாள் உட்கார்ந்து, கதை எப்படிப் பிறக்கிறது என்று பேசினார். அந்தப் பேச்சுதான் மறு ஆண்டு 'கற்பனையின் இலக்கணம்' என்ற நூலானது. அதில் ஒரு விளையாட்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களை எடு. அவர் எடுத்தவை நாய், அலமாரி. அலமாரியில் நாய், நாயின் அலமாரி, அலமாரியோடு நாய் என்று சேர்த்துக்கொண்டே போ. ஏதோ ஓரிடத்தில் கதை பொறி தட்டும்.

இத்தாலிய மொழியில் இதற்கு முன்னிடைச் சொற்கள் வேண்டும். தமிழில்? வேற்றுமை உருபு! நாம் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று கை தட்டி ஒப்பிக்க வைத்து, பிள்ளைகள் இலக்கணம் என்றாலே ஓடுகிற அளவுக்குக் கசக்க வைத்த அதே ஆறு உருபுகள். ரொடாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். எட்டாம் வகுப்பில் இதை ஆடிப் பார்த்தோம். சீட்டு எடுத்ததில் வந்த சொற்கள் நிலா, ரேஷன் கடை. நிலாவை ரேஷன் கடை... நிலாவால் ரேஷன் கடை... நிலாவுக்கு ரேஷன் கடை... நாலாவது வேற்றுமையில் ஒருவன் கையைத் தூக்கினான். "நிலாவுக்கு மாசாமாசம் ஒரு கார்டுக்கு இவ்வளவுன்னு வெளிச்சம் அளந்து போடுறாங்க சார். பௌர்ணமிக்குப் பொருள் வந்துரும். அப்புறம் எடை குறைச்சுக் குறைச்சுப் போடுவாங்க. அமாவாசைக்கு ஸ்டாக் இல்லன்னு போர்டு மாட்டிருவாங்க." கொடைப்பொருளில் வரும் கு உருபுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நன்னூல் உரைகாரர்கள்கூடத் தரவில்லை என்பது என் தனிப்பட்ட கருத்து. தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

பலாப்பழக் கதையையும் சொல்லிவிடுகிறேன். காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் ஒரு வழி இருக்கிறது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு, வருவது சுளை. இதை வாட்ஸ்அப்பில் எல்லோரும் அனுப்பி, "பார்த்தீர்களா நம் முன்னோர் அறிவை" என்று பெருமைப்படுகிறோம். ஒருவராவது பழத்தை வாங்கி அறுத்துப் பார்த்தோமா? நாங்கள் அறுத்தோம். பண்ருட்டிப் பழம் ஒன்று, என் செலவு. முதல் சண்டையே எது காம்பைச் சுற்றிய முள் என்பதில் வந்தது. முதல் வட்டமா, இரண்டாவதும் சேருமா? மூன்று குழு, மூன்று எண்ணிக்கை. அளவிடுதலில் பிழை என்பதை நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அவர்களே அடித்துக்கொண்டு கண்டுபிடித்தார்கள். கடைசியில் பழத்தைப் பிளந்து எண்ணினோம். எந்தக் குழுவின் விடைக்கும் பொருந்தவில்லை. "அப்போ காரிநாயனார் பொய்யா?" என்று கேட்டேன். ஒரு பயல், வாயில் சுளையோடு, "ஒரு பழத்தை வெச்சு அப்படிச் சொல்ல முடியாது சார். இன்னும் நாலஞ்சு பழமாச்சும் அறுக்கணும்" என்றான். அவன் நோக்கம் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் சொன்னது சரிதான்.

இதெல்லாம் புதுசு இல்லை. வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் பாவ்நகரில் குழந்தைகளோடு உட்கார்ந்த கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு' தமிழிலேயே கிடைக்கிறது. இங்கே பாதிப் பேர் படித்திருப்பீர்கள். ரிஷிவேலிப் பள்ளியின் முறையை எடுத்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனதும் உங்களுக்குத் தெரியும். அட்டை, ஏணிப்படி, பாய் விரித்துத் தரையில் உட்காருதல். நல்ல முறைதான். ஆனால் பல இடங்களில் என்ன நடந்தது? பிள்ளை அட்டையை முடித்ததா என்பதைவிடப் பதிவேட்டில் டிக் விழுந்ததா என்பது முக்கியமாகிவிட்டது. விளையாட்டை ஆணையாகப் பிறப்பித்தால் அது வேலையாகிவிடும்.

நானும் அதே தவறைச் செய்தேன். தாயக்கட்டை வகுப்பு நன்றாகப் போனது இல்லையா? அடுத்த ஆண்டு எனக்குப் பேராசை. "தாயத்தில் நிகழ்தகவு, செயல்திட்டம், 5 மதிப்பெண்" என்று அறிவித்தேன். நாற்பது நோட்டு வந்தது. எல்லாவற்றிலும் ஒரே கட்டம், ஒரே வாக்கியம், நானூறு உருட்டில் சரியாக ஐம்பது தாயம். யாரும் உருட்டவே இல்லை! உருட்டியிருந்தால் ஐம்பது வந்திருக்காது. முந்தின ஆண்டு கட்டை தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தது போன்ற கை, இந்த ஆண்டு பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியது. ஐந்து மதிப்பெண் போட்டு ஓர் ஆட்டத்தைக் கொன்றவன் நான். அதன்பிறகு ஆட்டத்துக்கு மதிப்பெண் போட்டதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. 2019 மே மாதம் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது ஞாபகம் இருக்கும். 'பிரெண்ட்ஸ்' படத்தில் நேசமணியாக வரும் வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழும் காட்சி. 2001இல் வந்த படம், பதினெட்டு ஆண்டு கழித்து இணையத்தில் உயிர் பெற்றது. பள்ளி திறந்ததும் எங்கள் இயற்பியல் ஆசிரியர் அதைப் பிடித்துக்கொண்டார். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடிகூட ஆகாது, 0.78 நொடி. தலையைத் தொடும்போது நொடிக்கு 7.7 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வேகம். வகுப்பு கொண்டாட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. ஹெல்மெட் போட்டிருந்தால்? வேகம் அதேதான், ஆனால் நிற்பதற்கு எடுக்கும் நேரம் கூடும், விசை குறையும். அமெரிக்காவில் ஜேம்ஸ் ககாலியோஸ் என்ற இயற்பியல் பேராசிரியர் காமிக்ஸை வைத்து இதே கணக்கைத்தான் நடத்தியிருக்கிறார். 1973இல் வந்த ஸ்பைடர்மேன் கதையில், பாலத்திலிருந்து விழும் காதலியை அவன் வலை வீசிப் பிடிப்பான். அப்படியும் அவள் இறந்துவிடுவாள். திடீரென்று நிறுத்தியதுதான் காரணம். சுத்தியலும் வலையும் ஒரே பாடம்.

அப்போது நடு வரிசையில் ஒரு பையன் மெதுவாகச் சொன்னானாம்: "சார், எங்க அப்பாவுக்கு சாரத்துலேருந்து செங்கல் விழுந்துச்சு. ஹெல்மெட்லாம் தரல." வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. அந்த ஆசிரியர் என்னிடம் வந்து, "தப்புப் பண்ணிட்டனோ?" என்று கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன், இன்றும் அதையே சொல்வேன். வெகுமக்கள் பண்பாட்டை வகுப்புக்குள் விட்டால் அது தனியாக வராது. நிறத்தை, உடம்பைக் கேலி செய்து சிரிக்க வைப்பதும் கூடவே வரும். சாதிப் பெருமைப் பாட்டு வரும், பெண்ணைத் துரத்துவதே காதல் என்பதும் வரும். கதவைச் சாத்திவைத்தால் அவை போய்விடுமா? பிள்ளைகளின் போனில் ஏற்கெனவே இருக்கின்றன. மறுநாள் அந்த ஆசிரியர் அதே காட்சியை மறுபடி எடுத்து, நாம் எதற்குச் சிரித்தோம் என்று கேட்டார். ஒரு மணி நேரம் பேசினார்கள். சிலர் அப்போதும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அது நல்ல காட்சிதான். அன்று மாலை நாலைந்து பிள்ளைகள் தங்கள் அப்பாக்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போய், யார் யாருக்கு ஹெல்மெட் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்தார்கள். அதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

நேரம் ஆகிவிட்டது, மணியைப் பார்க்கிறீர்கள். பிடுங்கிய கட்டைகள் என்ன ஆயின என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

அந்த ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் கட்டைகளைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனேன். அவை அவளுடைய அப்பாயியின் கட்டைகளாம். கல்யாணச் சீரோடு வந்தவை. அப்பாயி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டுக் கையில் கொடுத்துவிட்டு, பெரிய கண்டுபிடிப்பைச் சொல்வது போல, "ஒரு ஓரம் தேஞ்சு போயிருக்கு பெரியம்மா, தாயம் சரியா விழாது" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா வாத்தியாரே?" என்றார் அப்பாயி. "அதுக்குத்தான் எதிராளிய முதல்ல உருட்டச் சொல்லி இந்தக் கட்டைய குடுப்பேன். என் கை வரும்போது உருட்ட வேற ஜோடி வெச்சிருக்கேன்."

இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து அந்த ஜோடியையும் எடுத்துக் காட்டினார். பிறகு, "உக்காருங்க, ஒரு ஆட்டம் போடலாம்" என்று தேய்ந்த கட்டைகளை என் பக்கம் தள்ளினார்.